நாகப்பட்டினம் சூடாமணி விகாரம்: எது உறுதி, எது ஊகம்

பொன்னியின் செல்வன் படித்துவிட்டு நாகப்பட்டினம் போயிருக்கிறீர்கள், சூடாமணி விகாரம் என்ற பழைய பௌத்த மடம் எங்கே இருந்தது என்று விசாரித்திருக்கிறீர்கள், ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கிறது. அசோகர் கட்டியது என்று ஒருவர், ராஜராஜன் கட்டியது என்று இன்னொருவர், பாதிரியார்கள் இடித்துவிட்டார்கள் என்று மற்றொருவர். எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்டபடி உங்கள் கேள்விக்குள் இருக்கும் சிக்கல் இதுதான்: செப்பேட்டில் வரும் சோழர் காலத்து விகாரமும், 1867-இல் இடிக்கப்பட்ட செங்கல் கோபுரமும் ஒரே கட்டடமா? பல கட்டுரைகளும் காணொளிகளும் ஒன்றேதான் என்று எடுத்துக்கொண்டு கதையைச் சொல்லிவிடுகின்றன. அந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம். விகாரம் இருந்தது என்பதில் துளி சந்தேகமும் வேண்டாம். ஒரு பழைய கோபுரம் இடிக்கப்பட்டதும் உண்மை. இடிபட்டது எது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கல்வெட்டும் செப்பேடும் வாசிக்கப் பயிற்சி எடுத்தவன், பல வருடங்களாகச் சோழர் ஆவணங்களோடு புழங்குகிறவன். சீனக் குறிப்புகளையும் பாலி நூல்களையும் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் அறிவேன், அந்த இடங்களில் அந்த மொழி தெரிந்தவர்கள் சொன்னதை நம்பித்தான் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உறுதியானதிலிருந்து தொடங்குவோம். ஆனைமங்கலம் செப்பேடு, லெய்டன் பெரிய செப்பேடு என்று இரண்டு பேரிலும் சொல்லப்படும் ஆவணம்தான் அடிப்படை. மொத்தம் 21 ஏடுகள். அவற்றில் 5 வடமொழி, 16 தமிழ். ராஜேந்திரனின் முத்திரை பதித்த பெரிய வளையத்தில் கோர்க்கப்பட்டவை. டச்சுக்காரர்கள் நாகையை ஆண்ட காலத்தில் கடல் கடந்து போய், 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்ததால்தான் அந்தப் பெயர். இதில் உள்ள செய்தி தெளிவானது. ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006-இல், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்தபோது ஓர் உத்தரவு போடுகிறான்: கிடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பிக்கும் சூளாமணிவர்ம (சூடாமணி என்பதன் தமிழ் வடிவம்) விகாரத்துப் பள்ளியின், அதாவது பௌத்த மடத்தின், செலவுகளுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானம் போக வேண்டும். ஊரின் நிலம் 97 வேலிக்கு மேல். அதிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய நெல் 8,943 கலமும் சில்லறையும். சில்லறையைத் தூணி, குறுணி, நாழி வரைக்கும் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிடி யானையை நடக்கவிட்டு எல்லை குறித்திருக்கிறார்கள், எந்த வாய்க்கால், எந்த ஊர் எல்லையில் வருகிறது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சோழ அரசு அலுவலகம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டுமானால் இந்த 16 தமிழ் ஏடுகளை நிதானமாகப் படிக்க வேண்டும், அவ்வளவு அருமையான ஆவணம். ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது.

இதிலேயே உங்கள் முதல் குழப்பத்துக்கு விடை வந்துவிடுகிறது. கட்டியவன் ராஜராஜன் இல்லை. கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தின், தமிழ் ஆவணங்கள் கிடாரம், கடாரம் என்று சொல்லும் நாட்டின், சைலேந்திர மரபு மன்னன் கட்டினான். ராஜராஜன் இடமும் வருமானமும் கொடுத்தான். அவன் இறந்த பிறகு அந்த வாய்மொழி ஆணையை நிலையாகச் செம்பில் பொறித்து வைத்தவன் மகன் ராஜேந்திரன்.

அப்பாவா மகனா என்றும் ஒரு கேள்வி உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழ்ப் பகுதி, கட்டுகிறவன் சூளாமணிவர்மன் என்கிறது, வேலை இன்னும் நடக்கிறது என்ற தொனியில். வடமொழிப் பகுதியோ, அவன் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் கட்டினான் என்கிறது, பொன்மலையையே தாழ்த்தும் உயரம் என்றும் புகழ்கிறது. இது முரண்பாடு என்று முன்பு சிலர் நினைத்தார்கள். சீன அரசவைக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. 1003-இல் சீனாவுக்குத் தூது அனுப்பிய ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன். 1008-இல் தூது அனுப்பியவன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கன். இடைப்பட்ட அந்தச் சில வருடங்களில் அப்பா போய் மகன் வந்திருக்கிறான். நாகையில் வேலை தொடங்கியது அப்பா காலத்தில், முடித்து வைத்தது மகன். தமிழ்ப் பகுதி 1006-ஆம் ஆண்டின் அலுவலகப் பதிவை அப்படியே வைத்திருக்கிறது, வடமொழிப் பகுதி பின்னால் ராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது. மூன்று மொழி ஆவணங்கள் ஒன்றோடொன்று இப்படிப் பொருந்துவது நம் வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் பாக்கியம் இல்லை.

அதே 1003 தூதில் சூளாமணிவர்மன் சீனப் பேரரசரிடம், உங்கள் நீண்ட ஆயுளுக்காக என் நாட்டில் ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருக்கிறேன், அதற்குப் பெயரும் மணியும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான், பேரரசரும் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 9-ஆம் நூற்றாண்டில், சைலேந்திரன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எடுத்தான், பாலமன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தான், அதற்கும் செப்பேடு இருக்கிறது. ஆக, பெரிய அரசுகளின் மண்ணிலோ அவற்றின் பெயராலோ கோயில் எழுப்புவது சைலேந்திரர்களின் வழக்கம். பக்தியும் இருந்தது, வியாபாரமும் இருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம். காற்றுத் திரும்பும் வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருந்த கடாரத்து வணிகர்களுக்கும் மாலுமிகளுக்கும் வழிபட ஓர் இடம் வேண்டியிருந்தது. நாகையின் காயாரோகணர் கோயிலிலேயே ஸ்ரீவிஜய மன்னனின் முகவர்கள் கொடுத்த கொடைகளைச் சொல்லும் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெள்ளித் திருமேனிக்கு நகைகள், இன்னொன்றில் சீனக் கனகம். பௌத்தப் பள்ளி எடுத்த அதே அரசவை சிவன் கோயிலுக்கும் கொடுத்திருக்கிறது. இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, அந்த ஊரில் தொழில் செய்கிறவன் அந்த ஊர்ச் சாமிக்குச் செய்கிற மரியாதை என்று படுகிறது.

இப்போது நாவலுக்கு வருவோம். அருள்மொழிவர்மன் இளவரசனாக இருக்கும்போது, ஏறத்தாழ 970 வாக்கில், சூடாமணி விகாரத்தில் பிக்குகளிடம் தங்கி உடல் தேறுவதாகக் கதை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985-இல். விகாரம் எழுந்தது அவன் ஆட்சியின் இருபதாம் ஆண்டை ஒட்டி. அதனால் அந்தக் காட்சிகளை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக 970-இல் நாகையில் பௌத்தப் பள்ளியே இல்லை என்றும் சொல்லிவிடக்கூடாது. இருந்திருக்கிறது, அதற்குச் சான்றும் உண்டு.

7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன யாத்ரிகர் இத்சிங் எழுதிவைத்த பிக்குகள் வரலாற்றில், வூ-ஹிங் என்ற சீனத் துறவி கடாரத்திலிருந்து கப்பலேறி 30 நாளில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை போனதாக வருகிறது. பாலி உரையாசிரியர் தம்மபாலர், நெத்திப்பகரணம் என்ற பாலி நூலுக்கு எழுதிய உரையின் முடிவில், நாகம் என்ற பெயருடைய பட்டினத்தில் தர்மாசோக மகாராஜ விகாரத்தில் வாழ்ந்தபோது எழுதியதாகச் சொல்கிறார். தம்மபாலரின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது, ஆனால் சூடாமணி விகாரத்துக்கு வெகுகாலம் முந்தியவர். அசோகர் கட்டியது என்று உங்களிடம் சொன்னவரின் பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு விகாரம் அசோகர் பெயரால் வழங்கியது என்பது வரைக்கும் உண்மை. அசோகரே கட்டினார் என்பதற்குக் கல்வெட்டோ அகழாய்வோ எதுவும் கிடையாது. பௌத்த உலகம் முழுக்கவே பழைய பள்ளிகளுக்கு அசோகர் பெயரைச் சூட்டுகிற வழக்கம் உண்டு. இன்னொன்றும் சொல்வார்கள்: பல்லவன் நரசிம்மவர்மன் (ராஜசிம்மன்) 720 வாக்கில் சீனப் பேரரசருக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டினான், பேரரசர் அதற்குப் பெயர்ப்பலகை எழுதி அனுப்பினார் என்று சீன வரலாற்று நூல்கள் சொல்கின்றன. செய்தி நம்பத்தக்கது. அந்தக் கோயில் நாகப்பட்டினத்தில் இருந்தது என்பது மட்டும் பின்னால் வந்தவர்கள் சேர்த்த ஊகம். துறைமுகம் என்பதால் பொருத்தமாகத் தோன்றுகிறது, காஞ்சிக்கும் மாமல்லபுரத்துக்கும்கூட அதே அளவு பொருத்தம் சொல்லலாம்.

திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து பொன் புத்தரைக் கவர்ந்து வந்து அரங்கன் கோயில் மதில் திருப்பணிக்குச் செலவழித்தார் என்ற கதையையும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது குருபரம்பரை நூல்களில் வரும் கதை, ஆழ்வார் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. நடந்ததற்குத் தனிச் சான்று இல்லை. நாகையில் பொன் புத்தர் வைக்கும் அளவுக்கு வசதியான பள்ளி இருந்தது என்ற நினைவு மக்களிடம் தங்கியிருந்தது என்று மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் அது சூடாமணி விகாரமாக இருக்க வழியில்லை, ஆழ்வார் அதற்கு முந்தியவர்.

1025-இல் ராஜேந்திரன் கடற்படையை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கி, அதன் மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தான். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: எதிரி கட்டிய விகாரத்தை என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. இதற்குச் சான்று லெய்டன் சிறிய செப்பேடு, மூன்றே ஏடு, முழுக்கத் தமிழ், முதலாம் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1090. கிடாரத்து அரசன் அனுப்பிய தூதர்கள் ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் வந்து, எங்கள் பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்த ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேடாகப் போட்டுத் தாருங்கள் என்று கேட்கிறார்கள், குலோத்துங்கன் தருகிறான். படையெடுப்பு முடிந்து 65 வருடம் கழித்தும் விகாரம் நிலத்தோடும் உரிமையோடும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தச் செப்பேட்டில் நாகப்பட்டினத்துக்குச் சோழகுலவல்லிப்பட்டினம் என்று பெயர். ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி, ராஜராஜப் பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகள் வருகின்றன. சூடாமணி விகாரத்தின் மறுபெயர் ராஜராஜப் பெரும்பள்ளி என்பது பலர் ஏற்கும் கருத்து.

இந்த “இரண்டு” என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். 1090-இலேயே நாகையில் பெரும்பள்ளி ஒன்றுக்கு மேல். அவற்றுக்கு முன்பே தம்மபாலர் இருந்த விகாரம். பிறகு சீனர்கள் வந்து கட்டியது, அதற்குப் பின்னே வருகிறேன். நாகையில் ஒரு புத்த விகாரம் இருந்தது என்று ஒருமையில் பேசிப் பழகியதால்தான், கிடைத்த ஒவ்வொரு செங்கல்லையும் சூடாமணி விகாரத்தின் தலையில் வைத்துவிடுகிறோம்.

சிறிய செப்பேட்டில் பள்ளி நிலத்தின் எல்லைகளும் வருகின்றன. கிழக்கே கடற்கரை மணல்மேடு, அப்புறம் காரைக்காலுக்குப் போகிற பெருவழி. நாகையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: பழைய ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டி, நாகூர் வழியாகக் காரைக்கால் போகும் சாலை. இன்றைய வெளிப்பாளையம் இருப்பதும் அந்தத் திசையில்தான். பௌத்த நிலம் பொதுவாக எந்தப் பக்கம் இருந்தது என்பதை இதைக் கொண்டு ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒரு தெருவைக் காட்டி இங்கேதான் என்று சொல்லுமளவுக்குச் செப்பேடு இடம் கொடுக்கவில்லை.

மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்றும் அதே பக்கத்தைக் காட்டுகிறது. 1856-இல், பின்னால் இடிபட்ட அந்தக் கோபுரத்தின் அருகே ஓர் இலுப்பை மரத்தை வெட்டி எடுத்தபோது அடியில் புத்தர் திருமேனிகள் கிடைத்தன. அதிலிருந்து தொடங்கி வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் அவ்வப்போது தோண்டியபோது கிடைத்தவை எல்லாம் சேர்த்துச் சுமார் 350 செப்புத் திருமேனிகள். 1954-இல் டி.என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்துக்காக இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நூல்தான் இன்றைக்கும் அடிப்படை. சோழர் காலத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலத்தவை. நின்ற கோலம், அமர்ந்த கோலம், தலையில் தீச்சுடர் மாதிரி எழும் உஷ்ணீஷம், போதி மரத்தின் கீழ் இரு பக்கமும் சாமரம் வீசும் நாகராசர்கள் என்று அவற்றுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. நாகைப் புத்தரைப் பார்த்துப் பழகிய கண் வேறெங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடும்.

இவற்றில் ஒன்று அமெரிக்காவில், நியூயார்க்கின் ஏசியா சொசைட்டியில் இருக்கிறது. பீடத்தில் தமிழ் எழுத்து. ராஜேந்திரசோழப் பெரும்பள்ளியில் அக்கசாலைப் பெரும்பள்ளி என்ற இடத்து ஆழ்வார் கோயிலின் திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்காகச் சிறுதவூரைச் சேர்ந்த ஒருவர் செய்து வைத்த திருமேனி, பதினெண் விஷயத்து அக்கசாலைகளின் நாயகர் என்று அதற்குப் பெயர். இங்கே ஆழ்வார் என்பது புத்தர், விஷயம் என்பது நாடு. அக்கசாலை என்றால் பொன், உலோக வேலை செய்யும் பட்டறை. எனக்கு இந்த ஒரு பீடம் 21 செப்பேடுகளுக்கும் சமம். செப்பேட்டில் மன்னர்கள்தான் பேசுகிறார்கள். இதில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு பள்ளி வைத்திருக்கிறார்கள், உற்சவ மூர்த்தி செய்கிறார்கள், புத்தரைத் தெருவில் உலாக் கொண்டுபோகிறார்கள். சிவன் கோயில், பெருமாள் கோயில் உற்சவம் எப்படியோ அப்படியே. நாகைப் பௌத்தம் வெளிநாட்டு வணிகர்களின் பௌத்தம் மட்டும்தான், தமிழர்களுக்கு அதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பீடத்தைக் காட்டுங்கள். கூடவே, அதே 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரராஜேந்திரன் பெயரால் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம் எழுதியதையும் சொல்லுங்கள்.

இனி கோபுரம். 1349-இல் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிய நூலில், பட்டினத்துச் சமவெளியில் மண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய உயரமான ஒரு கோபுரம் நிற்கிறது, அதில் சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று சீன எழுத்தில் இருக்கிறது என்று வருகிறது. அந்த ஆண்டு 1267. அவர் சொல்லும் பட்டினம் நாகப்பட்டினம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். அடுத்து, 1470-களில் பர்மாவின் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி வெட்டுவித்த கல்யாணி கல்வெட்டுகள். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் தேரர்கள் (மூத்த பிக்குகள்) நடந்தே நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்ற பள்ளி இருந்த இடத்தைப் பார்த்து, சீன தேசத்து மகாராஜா செய்வித்த குகையில் இருந்த புத்தரை வணங்கினார்கள் என்கின்றன அவை. பள்ளி “இருந்த இடத்தை” என்றுதான் வருகிறது. ஆக 15-ஆம் நூற்றாண்டில் ஒரு பள்ளி பாழாகியிருக்கிறது, சீனர் தொடர்புடைய ஒரு வழிபாட்டிடம் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. சூடாமணி என்ற பெயர் இந்தப் பிற்காலக் குறிப்புகள் இரண்டிலும் இல்லை.

டச்சுக்காரர்கள் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் ஊருக்கு வடக்கே நின்ற பழைய கோபுரத்துக்குச் சீனப் பகோடா என்றுதான் பெயர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சு எழுத்தாளர் வாலன்டைன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஊர்மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அது கரை அடையாளம். 1846-இல் சென்னை அரசின் ஆங்கிலேய அதிகாரி சர் வால்டர் எலியட் நேரில் போய்ப் பார்த்து, 1878-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் விவரிப்பது, ஏறக்குறைய நாற்கோணமான மூன்று நிலைக் கோபுரம். சாந்தில்லாமல் நெருக்கமாக அடுக்கிய செங்கல். நிலைகளைப் பிரிக்கும் கொடுங்கை (சுவரிலிருந்து நீட்டிய விளிம்பு), ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசலோ ஜன்னலோ இருந்த திறப்பு. உள்ளே தளங்கள் ஏற்கெனவே விழுந்து வெறும் கூடாக நின்றது.

அப்போது அந்த இடத்தில் ஏசு சபையினர் கல்லூரி நடத்திவந்தார்கள். இப்போது திருச்சியில் இருக்கும் புனித வளனார் கல்லூரிதான் அது, 1844-இல் நாகையில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறியது. கோபுரம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, இடிக்க அனுமதி வேண்டும் என்று 1859-இல் சென்னை அரசிடம் கேட்டார்கள். அப்போது கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் பாதுகாக்க வேண்டும் என்ற பக்கம் இருந்ததால் தப்பியது. 1867-இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் போனது, செங்கல் கட்டுமானத்துக்குப் போனது. பாதிரியார்கள் இடித்தார்கள் என்பது சரி, அரசு அனுமதியோடு இடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். என்னைக் கேட்டால் கூடுதல் பொறுப்பு அரசுக்கு. அது பழமையானது என்று தெரிந்தும், எட்டு வருடம் கையில் இருந்தும், பழுது பார்க்காமல் விட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. முறையான அளவுப்படம் எடுத்து, அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு இடித்திருந்தால்கூட இன்றைக்கு நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

அந்தக் கோபுரம் சூடாமணி விகாரமா? ஆம் என்பவர்களின் வாதம் இடத்தை வைத்து. கோபுரம் நின்ற பகுதியும், செப்பேட்டு எல்லைகளும், சிலைகள் கிடைத்த தெருக்களும் ஒரே வட்டாரம். அதை மறுக்க முடியாது. இல்லை என்பவர்களின் வாதம் உருவத்தையும் பெயரையும் வைத்து. எலியட் காட்டும் கோபுரத்தில் 11-ஆம் நூற்றாண்டுச் சோழக் கட்டடத்தின் அடையாளங்கள் தெரியவில்லை. சதுரமாக, நிலை நிலையாக, பக்கத்துக்கொரு திறப்போடு எழும் செங்கல் கோபுரம் சீன பகோடாவுக்கு நெருக்கமானது. 1267-இல் சீனர்கள் செங்கல் கோபுரம் கட்டியதற்குக் குறிப்பு இருக்கிறது, டச்சுக்காரர் காலம் வரை சீனர் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்: 1867-இல் இடிபட்டது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோபுரம், அது சைலேந்திரர்களின் பழைய பள்ளி நிலத்திலோ அதன் பக்கத்திலோ நின்றது. இது என் தீர்ப்பு, நிரூபணம் கிடையாது. அந்தச் சீன எழுத்துப் பலகையை எலியட் உட்பட பிற்காலத்தில் கோபுரத்தைப் பார்த்தவர் எவரும் சொல்லவில்லை என்பது என் கட்சிக்குப் பெரிய பலவீனம். அதனால் யாராவது மறுபக்கம் வாதாடினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று ஐயமே இல்லாமல் எழுதுகிறவரிடம் ஆதாரம் என்ன என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்படியானால் சூடாமணி விகாரத்தின் கட்டடம் எப்போது, எப்படி அழிந்தது? இதற்கு நேரடிச் சான்று எதுவுமே இல்லை. சைவர்கள் இடித்தார்கள், முஸ்லிம் படைகள் இடித்தன, போர்ச்சுகீசியர் இடித்தார்கள் என்று ஆளாளுக்கு அவரவர் வெறுப்புக்கு ஏற்ற கதை சொல்கிறார்கள், ஒன்றுக்கும் ஆவணம் கிடையாது. சோழர் ஆட்சி போனதும் செப்பேட்டில் எழுதிய நெல் வரத்து நின்றிருக்கும், ஸ்ரீவிஜயமும் 13-ஆம் நூற்றாண்டில் தளர்ந்துவிட்டது. காப்பாற்ற ஆளில்லாத செங்கல் கட்டடம் கடற்கரை உப்புக்காற்றில் எத்தனை நாள் நிற்கும்? இடித்தவர் என்று ஒருவரைத் தேடவே தேவையில்லாமல்கூடப் போகலாம். சிலைகளைக் கவனமாகப் புதைத்து வைத்திருப்பதைப் பார்த்தால் ஏதோ ஒரு கட்டத்தில் பயம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. 16-ஆம் நூற்றாண்டுச் சிலைகளும் கிடைப்பதால், சூடாமணி விகாரம் போன பிறகும் வெகுகாலம் நாகையில் பௌத்தர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

மறுபடி போவதாக இருந்தால், நாகையில் விகாரத்தின் சுவரைத் தேடி அலையாதீர்கள், கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லை. காயாரோகணர் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், வெளிப்பாளையத்திலிருந்து நாகூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து கடலும் சாலையும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள், ஆனைமங்கலத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். சோழர் துறைமுகத்து விகாரம் ஒன்றின் அடித்தளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வடக்கே பூம்புகாரில் பல்லவனேச்சரத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்த செங்கல் விகாரம் இருக்கிறது, அது நாகை விகாரத்தைவிடப் பல நூற்றாண்டு பழையது. நாகைப் புத்தர்களை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் பார்க்கலாம். அங்கே போனால் பீடங்களைக் குனிந்து பாருங்கள், எழுத்து இருப்பது அங்கேதான். நாகையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார் என்றால் ஒன்று சொல்லி வையுங்கள்: சிலையோ செம்போ கிடைத்தால் கழுவித் தேய்க்காமல், கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் போட்டோ எடுத்துவைத்துவிட்டு, தாசில்தாரிடம் தகவல் கொடுக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கட்டாயமும்கூட. இருநூறு வருடத்துக்குள் கிடைத்த நூற்றுக்கணக்கான சிலைகளில் பலவற்றுக்கு எந்தத் தெரு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் சுவர் இருந்ததா என்ற குறிப்பு சரியாக இல்லாததால்தான் விகாரத்தின் இடத்தை இன்னும் புள்ளி வைத்துக் காட்ட முடியாமல் இருக்கிறோம்.